ஊக்க ஊசியும் நெடுங்காலக் காப்பும்

இவ்வேட்டின் தமிழ்ப் பதிப்பிற்கென ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துவரும் பணியில் சில சொற்கள் ஆண்டுக்கணக்கில் தொல்லை கொடுப்பதுண்டு. 'லாங் டெர்ம் இம்யூனிட்டி' என்பது அவற்றுள் ஒன்று. சில ஆண்டுகட்கு முன்னர், தடுப்பூசிக்குப் பின் உடலில் எதிர்ப்பொருள் நீடித்திருத்தலைக் குறிக்கும் ஒரு சொற்றொடரை 'நிலையான நோய்த்தடுப்பாற்றல்' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது அழகாகவே தோன்றிற்று. ஆனால் அதைப் படித்த ஆசிரியர் ஒருவர், "நிலையானது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்; அங்ஙனமாயின் இரண்டாம் ஊசி எதற்கு என்று பெற்றோர் கேட்கின்றனர்; யான் என்ன விடை கூறுவது?" என்று கேட்டு எழுதினார். அவர் கேட்டது நியாயமே. பிழை என்னுடையது. மூலத்தில் இருந்த சொல் 'சில காலம் நீடிப்பது' என்ற பொருளையே தந்தது. 'என்றும் அழியாதது' என்ற பொருளை அதற்கு ஏற்றியவன் நான்.

ஒரு சொல்லின் பிழை குழந்தையின் கையில் விழவேண்டிய ஊசியை நிறுத்திவிடக் கூடும் என்பதை அன்று உணர்ந்தேன். ஆகவே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும், ஊக்க ஊசிக்குப் பின் குழந்தைகளிடம் காப்பு எத்துணைக் காலம் நிற்கிறது என்பதைப் பற்றியும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பணியாற்றும் களப்பணியாளரும் ஆசிரியரும் எவ்வாறு பேசவேண்டும் என்பதில் எனக்குத் தோன்றும் சில கருத்துக்களை இங்கு எழுதத் துணிகிறேன்.

இந்நோய் தமிழர்க்கு அயலானது அன்று. 1871ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் அறியப்பட்டு, 1924ஆம் ஆண்டில் அங்குப் பெருங்கொள்ளையாகப் பரவிய இக்காய்ச்சல், இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலாக அடையாளங் காணப்பட்டது 1955ஆம் ஆண்டில், அன்றைய வடாற்காடு மாவட்டத்தின் வேலூரில்தான். அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த குழந்தைகளின் நோயைப் புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாரின் துணையோடு ஆராய்ந்து இன்னதென்று துணிந்தனர். பின்னர் 1973இல் மேற்கு வங்காளத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களிலும், 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியிலும் இது பெருமளவில் பரவிற்று. கோரக்பூர்ப் பரவலில் மட்டும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அந்த அதிர்ச்சியே 2006 முதல் நாட்டில் பெரிய அளவில் இத்தடுப்பூசி இயக்கம் தொடங்கக் காரணமாயிற்று.

வைரஸ் வாழுமிடம் நாமறிந்ததே. வயலிலும் குளத்திலும் மேயும் மடையான், கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடம் அது சுழல்கிறது. பன்றியின் உடலில் பெருகுகிறது. நெல்வயல் நீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் இனக் கொசுக்கள், அவற்றுள்ளும் க்யூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்பது, அந்திப் பொழுதிலும் இரவிலும் கடித்து அதைப் பரப்புகின்றன. மனிதன் இச்சுழலில் ஒரு முட்டுச்சந்து. மனிதக் குருதியில் வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகுவதில்லை. ஆகவே ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு நோய் செல்வதில்லை.

இந்த ஒரு செய்தியை ஆசிரியர்கள் மறவாதிருத்தல் நன்று. அம்மையைப் போன்ற நோய்களில் ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ளாத சிலரும் அந்த வேலிக்குள் ஒருவாறு காக்கப்படுவர். மூளைக்காய்ச்சலில் அந்த வேலி கிடையாது. வகுப்பில் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும், போடாத ஒரு குழந்தைக்கு அதனால் இம்மியளவும் நன்மை இல்லை. கொக்கிடமும் பன்றியிடமும் உள்ள வைரஸ் நம் புள்ளிவிவரத்தைப் பார்ப்பதில்லை. 'எங்கள் பகுதியில் 90 விழுக்காடு முடிந்துவிட்டது' என்று மகிழ்வது மற்ற ஊசிகளில் ஓரளவு பொருந்தும்; இதில் எஞ்சிய பத்துப் பேரும் முழு ஆபத்தில் இருக்கின்றனர்.

தொற்றுவோரில் மிகச் சிலருக்கே மூளை தாக்கப்படுகிறது. சுமார் 250 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. ஆயினும் அந்த ஒருவரின் நிலை கொடிது. மூளை தாக்கப்பட்டோரில் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும் என்றும், 30 முதல் 50 விழுக்காட்டினர்க்கு வலிப்பு, வாதம், பேச்சிழப்பு, புத்திமந்தம் முதலிய குறைகள் நிரந்தரமாக நின்றுவிடக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. அதனால்தான் ஊசியின் மேல் இத்துணைப் பாரம் விழுகிறது.

இனி ஊசிக்கு வருவோம். நம் நாட்டில் முன்னர்ப் பயன்பட்டது எலியின் மூளையிலிருந்து எடுத்து வைரஸைக் கொன்று செய்த ஊசி. கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் அதைத் தயாரித்தது. மூன்று முறை போடவேண்டும். அதன் பிறகும் மூன்றாண்டுகட்கு ஒரு முறை ஊக்க ஊசி வேண்டும். அத்துணை முறை ஒரு கிராமத்துக் குழந்தையைத் தேடிப் பிடிப்பது எத்துணை அரிது என்பதைக் களப்பணியாளர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. 2006 முதல் வந்த எஸ்.ஏ. 14-14-2 என்னும், சீனத்தில் உருவான, வலுக்குன்றிய உயிர்வைரஸ் ஊசி அந்த இடரைப் பெரிதும் நீக்கிற்று. 1981இல் கர்நாடகத்தின் கோலாரில் பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டு நம் நாட்டிலேயே ஆக்கப்பட்ட ஜென்வாக் என்னும் கொல்வைரஸ் ஊசியும் 2013 முதல் உண்டு. நோயுள்ள மாவட்டங்களின் தேசிய அட்டவணையில் 9 முதல் 12 மாதத்திற்குள் முதல் ஊசியும், 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் ஊசியும் இடம்பெற்றுள்ளன. இந்த இரண்டாம் ஊசி 2013இல்தான் சேர்க்கப்பட்டது. தங்கள் பகுதிக்கு எது விதிக்கப்பட்டுள்ளது என்பதைப் பணியாளர் தங்கள் அலுவலக ஆணையின்படியே கொள்ளவேண்டும். அதை இக்கட்டுரை கூறாது.

காப்பு எத்துணைக் காலம் நிற்கும் என்ற வினாவிற்கு விடை தேடுமுன், அதை எவ்வாறு அளக்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். குழந்தையின் சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்து, வைரஸோடு கலந்து, கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களின் மேல் இடுகின்றனர். வைரஸ் அவ்வுயிரணுக்களை அழித்துச் சிறு வட்டங்களை உண்டாக்கும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அவ்வட்டங்கள் குறையும். ஒன்றுக்குப் பத்து என்ற நீர்ப்பிலும் வட்டங்கள் பாதியாகக் குறைந்தால் அக்குழந்தை காக்கப்பட்டதாகக் கொள்வர். இந்த 1:10 என்ற எல்லை, சுண்டெலிகளுக்கு எதிர்ப்பொருளைச் செலுத்தி அவை பிழைக்கின்றனவா என்று பார்த்த சோதனைகளைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. அதாவது, அது ஒரு நல்ல அடையாளம்; நோய் வராது என்பதற்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி அன்று. 1:10க்குக் கீழிறங்கிய ஒவ்வொரு குழந்தையும் நிராயுதபாணி என்றும் பொருளில்லை, ஏனெனில் உடலின் நினைவணுக்கள் அச்சோதனையில் தென்படா.

ஊக்க ஊசி செய்வது யாது என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிற்று. அங்குப் பயன்பட்டது மஞ்சள் காய்ச்சல் ஊசியின் வைரஸ் உடலில் மூளைக்காய்ச்சல் வைரஸின் மேலுறையைப் பொருத்திச் செய்த வேறொரு ஊசி. நம் தேசிய அட்டவணையில் உள்ளது அன்று. முதல் ஊசி போட்டு இரண்டாண்டு சென்ற குழந்தைகளுள் சுமார் 80 விழுக்காட்டினரிடமே 1:10 அளவு எஞ்சியிருந்தது. ஊக்க ஊசி போட்ட ஏழாம் நாள் அது 96 விழுக்காடாயிற்று. இருபத்தெட்டாம் நாள் அனைவரிடமும் காணப்பட்டது. ஓராண்டு சென்ற பின்னரும் 99 விழுக்காட்டிற்குக் குறையவில்லை. ஏழு நாட்களில் ஏற்பட்ட இவ்வெழுச்சியை நோக்குக. முதன்முறை ஊசி பெறும் உடல் இத்துணை விரைவாக எழாது. எதிர்ப்பொருள் வற்றிய குழந்தையின் உடலும் வைரஸை மறந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. வங்காள தேசத்தில் எஸ்.ஏ. 14-14-2 ஊசி பெற்ற குழந்தைகட்குச் சில ஆண்டு கழித்து மறு ஊசி போட்டபோதும் ஒரு வாரத்திற்குள் இத்தகைய எழுச்சியே காணப்பட்டது.

நினைவு இருக்கிறதே, பின் ஊக்க ஊசி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இவ்விடத்தில் ஹெபடைடிஸ் பி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன்தரும். நிக்கோபார் மக்களிடையே ஹெபடைடிஸ் பி தொற்று மிகுதியாக இருப்பது போர்ட் பிளேயரிலுள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தாரின் ஆய்வுகளால் நெடுநாளாக அறியப்பட்டதாகையால், தீவுப் பணியாளர்க்கு அவ்வூசி நன்கு பழக்கமானது. அந்நோயில் வைரஸ் உட்புகுந்து நோய் வெளிப்பட இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதற்குள் நினைவணுக்கள் விழித்துப் படை திரட்டிவிடுகின்றன. ஆகவே எதிர்ப்பொருள் வற்றினாலும் உடல் நலமுள்ளவர்க்கு ஊக்க ஊசி வேண்டுவதில்லை என்று நிபுணர்கள் கூறுகின்றனர். மூளைக்காய்ச்சலிலோ கொசு கடித்த 5 முதல் 15 நாட்களுக்குள் நோய் வெளிப்படுகிறது. நினைவு விழிக்க ஒரு வாரம். நோய்க்கு வேண்டுவதும் ஏறக்குறைய அதே காலம். ஓட்டப் பந்தயத்தில் யார் முந்துவர் என்பதை எந்தக் குழந்தையின் விஷயத்திலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. வாசலிலேயே காவல் நிற்கும் எதிர்ப்பொருள் இருப்பது நல்லது என்பதே என் துணிபு. ஒரு நோயின் ஊசிக்குச் சொன்ன விதியை மற்றொன்றிற்கும் சொல்லிவிடுதல் நம்மிடையே அடிக்கடி நிகழும் தவறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. நேபாளத்தின் தராய்ப் பகுதியில் 1999இல் எஸ்.ஏ. 14-14-2 ஊசி ஒரே ஒரு முறை போடப்பட்டது. அவ்வாண்டுப் பரவலிலேயே அது 99 விழுக்காட்டிற்கு மேல் காத்தது. ஓராண்டிற்குப் பின் 98.5 விழுக்காடு, ஐந்தாண்டிற்குப் பின்னும் 96.2 விழுக்காடு. ஒரு முறை போட்டதே ஐந்தாண்டு காக்கிறது என்றால் இரண்டாவது ஏன் என்று கேட்போர் இவ்வெண்களையே காட்டுவர். உலக சுகாதார நிறுவனமும் நோய் மிகுந்த பகுதிகளில் இவ்வூசியை ஒரு முறை போடுவதையே பரிந்துரைக்கிறது. எனினும் நம் நாட்டார் இரண்டாக்கினர். முதல் ஊசியில் எழாத உடல்கள் எப்போதும் சில உண்டு. அவற்றை இரண்டாம் ஊசி எழுப்புகிறது. இந்த வகையில் அது வெறும் ஊக்க ஊசி அன்று. சில குழந்தைகட்கு அதுவே உண்மையான முதல் ஊசி. எவை அக்குழந்தைகள் என்பது நமக்குத் தெரியாது.

நேபாளத்து எண்களைப் படிக்கையில் மற்றொன்றும் கருதத்தக்கது. தராய் என்பது நெல்லும் நீரும் நிறைந்த, வைரஸ் ஆண்டுதோறும் சுழலும் நிலம். அங்கு ஊசி பெற்ற குழந்தையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் வைரஸ் ஏந்திய கொசு கடிக்கக் கூடும். நோய் வராது, ஆனால் உடலின் நினைவு புதுப்பிக்கப்படும். யாரும் போடாத ஊக்க ஊசி அது. ஐந்தாண்டு நின்ற காப்பில் ஊசியின் பங்கு எவ்வளவு, கொசுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. நம் கடலூர், விருத்தாசலப் பகுதிகளும் ஒருவகையில் தராய் போன்றவையே. மதுரையிலிருந்த பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் ஆண்டுக்கணக்கில் அவ்வயல்களில் கொசு பிடித்து ஆராய்ந்தது அதனால்தான்.

அந்தமானில் நிலைமை வேறு. வடக்கு அந்தமானிலும் நடு அந்தமானிலும் டிக்லிப்பூர், மாயாபந்தர், ரங்கத் வட்டாரங்களில் நெல் உண்டு. ஆனால் பெரும்பாலும் மழையை நம்பியது. நிக்கோபாரிலோ தென்னையே வாழ்வு. காவிரிக் கழிமுகத்தைப் போல் மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்கும் பரந்த பாசன வயல்கள் இங்கில்லை. பன்றிகள் உண்டு, நிக்கோபார் மக்களின் விருந்திலும் சடங்கிலும் பன்றிக்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. நீர்ப்பறவையும் க்யூலெக்ஸ் கொசுவும் உண்டு. ஆயினும் தராயிலோ கடலூரிலோ கிடைக்கும் அந்த இலவச ஊக்கம் இங்குள்ள குழந்தைக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை. அங்கு ஐந்தாண்டு நின்ற காப்பு இங்கும் ஐந்தாண்டு நிற்கும் என்று எழுதுவது ஒரு நிலத்தின் கணக்கை மற்றொரு நிலத்தில் எழுதுவதாகும்.

ஆபத்துக் குறைவு என்றால் காப்பும் குறைந்து போகட்டுமே எனலாம். குழந்தைகள் ஓரிடத்திலேயே இருப்பார்களாயின் அது சரி. ஆனால் தீவுத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வு கப்பலிலும் விமானத்திலும் உள்ளது. விடுமுறைக்குப் பாட்டன் ஊர், மேற்படிப்பிற்குச் சென்னை, திருமணத்திற்கு விழுப்புரம், கடலூர், இராமநாதபுரம். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) இடையே உள்ள சுமார் 1,360 கிலோமீட்டர் கடலைக் கடந்து, வைரஸ் குறைந்த நிலத்தில் வளர்ந்த ஒரு சிறுவன், ஐப்பசி கார்த்திகையில் நெல் நிற்கும் கிராமத்தில் திண்ணையில் உறங்குகிறான். அவனுடைய ஊசி இரண்டும் முடிந்ததா என்பது அன்றே முக்கியமாகிறது. தீவில் இருக்கும் வரை அது ஒரு அட்டையில் உள்ள காலியிடம் மட்டுமே.

வைரஸ்களும் கப்பலேறி வருவன. 2006இல் சிக்குன்குனியா தீவுகளில் பெருமளவில் பரவிற்று. 2009, 2010 ஆண்டுகளில் டெங்குவும் வந்து சேர்ந்தது. டெங்குவின் வரவு மூளைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்கு ஒரு புதுத் தொல்லையைத் தந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டெங்கு வைரஸும் மூளைக்காய்ச்சல் வைரஸும் ஒரே குடும்பத்தின. ஒன்றிற்கு எழுந்த எதிர்ப்பொருள் சாதாரணச் சோதனையில் மற்றதையும் பற்றிக்கொள்ளும். ஆகவே டெங்கு கண்ட ஊரில் குழந்தைகளின் குருதியை எடுத்து, எளிய சோதனையொன்றால் 'இத்தனை பேரிடம் மூளைக்காய்ச்சல் எதிர்ப்பாற்றல் உள்ளது' என்று கூறினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. மேலே கூறிய வட்டச் சோதனையே நம்பத்தக்கது. அதற்குத் தேர்ந்த ஆய்வுக்கூடமும் பொறுமையும் வேண்டும். இதை இங்குக் குறிப்பிடக் காரணம், இத்தகைய கணக்கெடுப்பு ஒன்றைக் காட்டி 'நம் குழந்தைகட்கு இயற்கையாகவே காப்பு உள்ளது' என்று பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

கொசு ஒழிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெங்கு காலத்தில் நாம் பழகிய தொட்டி, டயர், சிரட்டைகளைக் கவிழ்க்கும் வேலை ஏடீஸ் கொசுவிற்கானது. வயல் நீரில் பிறக்கும் க்யூலெக்ஸை அது தொடாது. பகலில் கடிப்பது ஒன்று, இரவில் கடிப்பது மற்றொன்று. பன்றித் தொழுவம் உறங்குமிடத்திலிருந்து விலகி இருத்தலும், வலைக்குள் உறங்குதலும் உதவும். பன்றியை வளர்க்காதே என்று நிக்கோபார் மக்களிடம் சொல்லப் போவது அறிவீனம். சொல்பவரின் மற்ற சொற்களையும் அவர்கள் கேளாமற் போவர்.

ஊசி போட்டும் காய்ச்சலும் வலிப்பும் வந்துவிட்டது, எனவே ஊசி பொய் என்று பெற்றோர் கூறுவதுண்டு. மூளை அழற்சிக்குக் காரணங்கள் பல. கோரக்பூரிலேயே பிற்காலத்து நோயாளிகளுள் பெரும் பகுதியினர்க்குக் காரணம் உண்ணியினத்துச் சிறு பூச்சிகளால் பரவும் ஸ்கரப் டைபஸ் என்று தெரியவந்தது. மூளைக்காய்ச்சல் ஊசி அதற்கு அரணாகாது. எக்காரணமாயினும், ஊசி போட்ட குழந்தைதானே என்று எண்ணி மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதிக்கலாகாது.

பெரியவர்கள் பற்றியும் கேள்வி எழும். அஸ்ஸாமில் குழந்தைகட்கு ஊசி பரவலான பின்னரும் பெரியவர்களிடம் நோய் மிகுந்து காணப்பட்டதால், அங்கும் உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளத்தின் சில மாவட்டங்களிலும் பெரியவர்கட்கும் இயக்கம் நடத்தப்பட்டது. இதைக் கண்டு, இரண்டு ஊசி முடிந்த பள்ளிச் சிறுவர்க்கு மூன்றாவதும் வேண்டும் என்று சிலர் அவசரப்படுகின்றனர். அதற்கு இன்று ஆணையில்லை. தேவை என்று காட்டும் வலுவான சான்றும் என் பார்வைக்கு வரவில்லை. மூன்றாவதைப் பற்றிப் பேசுமுன், இரண்டாவதைத் தவறவிட்ட குழந்தையைத் தேடுவதே பணத்திற்கும் உழைப்பிற்கும் ஏற்றது.

அத்தேடலில் ஆசிரியர் பங்கு பெரிது. ஒன்றரை வயதில் போடவேண்டிய ஊசி ஏன் தவறுகிறது என்றால், ஒன்பதாம் மாதத்தில் ஒரு தீவிலும் பதினெட்டாம் மாதத்தில் மற்றோர் ஊரிலும் அக்குழந்தை இருப்பதாலேயே பெரும்பாலும். கணினிப் பதிவு இன்று வந்துள்ளது, நல்லதே. ஆயினும் அலைவரிசை எட்டாத தீவுகளில் தாய் சேய் நல அட்டையே இன்னும் சான்று. பள்ளியில் சேர்க்கும் நாளில் அதன் படியொன்றை வாங்கி வைத்து, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுத்தால், தாய்நிலத்தின் சுகாதாரப் பணியாளர் முதலிலிருந்து ஊகிக்க வேண்டியிராது. இதற்குப் புதிய படிவம் எதுவும் வேண்டுவதில்லை. படிவங்கள் ஏற்கெனவே நம்மிடம் போதுமானவை உள்ளன.

இனிச் சொல்லுக்குத் திரும்புகிறேன். வரும் இதழ்களில் 'நிலையான', 'ஆயுட்கால' என்ற அடைகளை மூளைக்காய்ச்சல் ஊசிக்கு யான் எழுதப்போவதில்லை. 'இத்தனை ஆண்டுகள் வரை அளக்கப்பட்ட காப்பு' என்று ஆண்டைச் சேர்த்தே எழுத எண்ணியுள்ளேன். அட்டவணையிலுள்ள 16 முதல் 24 மாதத்து ஊசியை 'ஊக்க ஊசி' என்னாது 'இரண்டாம் தவணை' என்றே வழங்குவேன். ஊக்கம் என்றால் இருந்தால் நல்லது, இல்லாவிடினும் பாதகமில்லை என்று பெற்றோர் கொள்கின்றனர் என்பதைப் பணியாளர் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். தவணை என்றால் பாக்கி உண்டு என்று எவர்க்கும் விளங்கும். கடன் கொடுப்போர் சொல்லாயிற்றே என்று ஆட்சேபிப்போர் தக்க வேறு சொல்லை எழுதியனுப்பினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.